ஒரு லைனுக்கு எத்தனை லைட் போடலாம்? வீட்டு வயரிங் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

புதுசா வீடு கட்டுறவங்க, பழைய வீட்டுல ஃபால்ஸ் சீலிங் அடிச்சு லைட்டா போட்டுத் தள்ளுறவங்க, எம்சிபி (லோடு கூடினா தானா விழுந்து கரண்டை நிறுத்துற சுவிட்ச்) அடிக்கடி விழுதுன்னு தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவங்க, எல்லாரும் சுத்தி சுத்தி இதே கேள்வியைத்தான் கேக்குறாங்க. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கணக்கெல்லாம் நம்ம ஊர் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் சப்ளைக்கு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒரு எம்சிபிக்கு எத்தனை லைட் போடலாம்?

10 பாயிண்ட் இல்லன்னா 800 வாட், இதுல எது முதல்ல வருதோ அதோட நிறுத்திக்கணும். இந்தியாவுல வீட்டு வயரிங்குக்கு காலங்காலமா இருக்கிற விதி இது, ஐஎஸ் 732-ங்கிற இந்திய வயரிங் தர விதி வழியில படிச்ச எந்த வயர்மேனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாரு. லைட் மட்டும் 10 இல்ல, லைட், ஃபேன், 5 ஆம்ப் பிளக் எல்லாம் சேர்த்து 10. இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

ஆனா ஒண்ணு, இந்த விதி வந்தது குண்டு பல்பு காலத்துல. இன்னைக்கு 9 வாட் எல்இடி பல்பை வச்சு 800-ஐ வகுத்தா 88 பல்பு வருது. எந்த வீட்லயும் ஒரே லைன்ல 88 பல்பு போடப்போறதில்ல. அதனால வாட் கணக்குல லைட் இடிக்கிற காலம் போயிருச்சு, இப்ப இடிக்கிறது வேற விஷயங்க. கீழ ஒவ்வொண்ணா வருது.

அந்த 10, 800 எல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

அந்தக் காலத்துல லைட் லைனுக்கு 5 ஆம்ப் ஃபியூஸ். 5-ஐ 230-ஆல பெருக்கினா 1150 வாட். ஃபியூஸை முழுசா நிரப்பக் கூடாது, கொஞ்சம் மிச்சம் வைக்கணும், அதான் 800. ஆம்ப் கணக்குல பாத்தா சுமார் 3.5.

10 பாயிண்டும் இதே மாதிரிதான். வயரிங் பிளான் போடும்போது எந்த பல்பு மாட்டுவாங்கன்னு தெரியாதுல்ல, அதனால ஒரு லைட்டுக்கு 60 வாட், ஒரு ஃபேனுக்கு 60 வாட், ஒரு 5 ஆம்ப் பிளக்குக்கு 100 வாட், 15 ஆம்ப் பிளக்குக்கு 1000 வாட்னு ஒரு உத்தேசக் கணக்கு வச்சிருக்காங்க. எட்டு லைட்-ஃபேன், ரெண்டு பிளக்னு வச்சா 480-ம் 200-ம் 680 வாட். 800-க்குள்ள அடங்கிருச்சு. ஆக 10 பாயிண்ட்னு நிறுத்தினா, கணக்கே போடாதவன் வேலை பாத்தாலும் லைன் தாங்கும். அதுக்குத்தான் அந்த விதி.

பாயிண்ட் எண்ணிக்கைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பாயிண்ட் கூடக் கூட ஜாயிண்ட் கூடும், ஜாயிண்ட் கூடினா ஃபால்ட் தேடுறது பெரிய தலைவலி. எல்இடி வந்ததால வாட் குறைஞ்சதே தவிர, ஜாயிண்ட் எதுவும் குறையல.

ஒரு ஹாலை வச்சு கணக்கு போட்டு காட்டுங்க

இப்ப எல்லாரும் போடுற மாதிரி ஒரு ஹால். 20 வாட் எல்இடி டியூப் ரெண்டு, 40 வாட். ஃபால்ஸ் சீலிங்ல 12 வாட் டவுன்லைட் எட்டு, 96 வாட். டிவி செவத்துல 7 வாட் லைட் ரெண்டு, 14 வாட். சாதா ஃபேன் ரெண்டு, ஒண்ணு 75 வாட்னு வச்சா 150. 5 ஆம்ப் பிளக் ரெண்டு, உத்தேசமா 200. கூட்டினா சரியா 500 வாட். 230-ஆல வகுத்தா 2.2 ஆம்ப் கிட்ட வரும்.

6 ஆம்ப் எம்சிபிக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா பாயிண்டை எண்ணுங்க, 16 இருக்கு. விதிப்படி பாத்தா தாண்டியாச்சு. நானா இருந்தா இந்த ஹாலை அப்படியே விட்ருவேன், ஏன்னா எட்டு டவுன்லைட்டும் ரெண்டு சுவிட்ச்ல ஓடுற கூட்டம், வாட் குறைஞ்ச எல்இடி, அதுக்கு பாயிண்ட் கணக்கை கொஞ்சம் தளர்த்தறது நியாயம்தான். அரசு கட்டட வேலைகள்லயே சிஎஃப்எல், எல்இடி மாதிரி வாட் கம்மியான பாயிண்டா இருந்தா எண்ணிக்கையை கூட்டிக்கலாம்னு இடம் குடுத்திருக்காங்க. ஆனா இந்த ஹாலோட ரெண்டு பெட்ரூமையும் சேர்த்து ஒரே எம்சிபில கட்டிவிட்டா, அங்கதான் நான் சண்டை போடுவேன்.

இதே ஹால்ல அந்த 12 லைட்டும் 60 வாட் குண்டு பல்பா இருந்திருந்தா? லைட் மட்டும் 720, ஃபேன் பிளக் சேர்த்து 1070 வாட். விதியை எப்பவோ தாண்டிருக்கும். 2015-ல மத்திய அரசோட உஜாலா எல்இடி திட்டம் வந்து 36 கோடிக்கும் மேல எல்இடி பல்பு நாட்டுல இறங்குனதுக்கப்புறம் இந்த குண்டு பல்பு கணக்கு பூஜை ரூம் ஜீரோ வாட்டோட முடிஞ்சு போச்சு.

பெட்டியில 9 வாட்னு போட்ருக்கு, ஆனா நிஜமா அதைவிட அதிகமா கரண்ட் இழுக்கும்னு சொல்றாங்களே?

இழுக்கும், அது பவர் ஃபேக்டர் சமாச்சாரம், அதாவது இழுக்கிற கரண்ட்ல எவ்வளவு பங்கு நிஜமா வேலை செய்யுதுங்கிற கணக்கு. நல்ல பல்புல பெட்டி மேலயே 0.9-ன்னு போட்ருக்கும். தள்ளுவண்டியில 50 ரூபாய்க்கு ரெண்டுன்னு வாங்குற பல்புல அது 0.5-ஆ இருக்கலாம். 0.5-னா 9 வாட் பல்பு லைன்ல 18 வாட் பல்பு மாதிரி கரண்ட் இழுக்கும். மீட்டர் யூனிட் ஓடுறது வாட்டுக்குத்தான், அதனால பில்லுல தெரியாது, ஆனா வயருக்கும் எம்சிபிக்கும் தெரியும்.

மேல சொன்ன ஹால்ல லைட் மொத்தம் 150 வாட். அத்தனையும் மட்ட ரக பல்புன்னு வச்சுக்கிட்டாலும் 300 கணக்கு, மொத்தம் 650, கிட்டத்தட்ட 2.8 ஆம்ப். அப்பவும் தாங்குது. வீட்டு அளவுல இது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, நூத்துக்கணக்குல லைட் போடுற ஜவுளிக்கடைக்காரர் கவலைப்படணும்.

யூட்யூப்ல ஒருத்தர் எம்சிபியோட 80 சதவீதம்தான் ஏத்தணும், 15 ஆம்ப்னா 1440 வாட்னு சொல்றாரு, அது சரியா?

அவர் அமெரிக்காக்காரர். அங்க 120 வோல்ட், 15 ஆம்ப் பிரேக்கர், ரெண்டையும் பெருக்கினா 1800, அதுல 80 சதவீதம் 1440. மூணு மணி நேரத்துக்கு மேல விடாம ஓடுற லோடுக்கு அவங்க கோட்ல இருக்கிற விதி அது. நம்ம ஊர்ல வோல்ட்டும் வேற எம்சிபியும் வேற, அந்த எண்ணை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க போடாதீங்க. லைட் லைனுக்கு இங்க 6 ஆம்ப், மிஞ்சினா 10 ஆம்ப்தான். 6 ஆம்ப் எம்சிபில 80 சதவீதம்னா 1100 வாட் வரும். நம்ம 800 அதுக்கும் கீழதான இருக்கு, அப்புறம் எதுக்கு தனியா ஒரு சதவீதம்.

எந்த வயர், எந்த எம்சிபி போடணும்?

லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். சுவிட்ச்ல இருந்து லைட்டுக்கு போற வயருக்கு 1 ஸ்கொயர் போதும்னு நிறைய பேர் போடுறாங்க, தப்பில்ல. எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ்ல இருந்து சுவிட்ச் போர்டுக்கு வர்ற மெயின் லைனை 1.5-க்கு குறைக்காதீங்க. 15 ஆம்ப் பிளக்குக்கு 2.5, ஏசி, ஹீட்டருக்கு 4.

கம்பெனி அட்டவணையில 1 ஸ்கொயருக்கு 11-லருந்து 14 ஆம்ப், 1.5-க்கு 14-லருந்து 18, 2.5-க்கு 20-லருந்து 25 வரைக்கும் போட்ருப்பாங்க, வயர் ரகத்தையும் பதிக்கிற விதத்தையும் பொறுத்து மாறும். ஆனா அது ஒரு பைப்ல ஒரு ஜோடி வயர் போறப்ப உள்ள கணக்கு. நம்மாளுங்க முக்கால் இஞ்ச் பைப்ல எட்டு வயரை சோப்பு போட்டு இழுத்து சொருகிருப்பாங்க, மேல மொட்டை மாடி வெயில் வேற, மே மாசம் அந்த சீலிங் பைப்புக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிங்க. அட்டவணை எண்ணுல இருந்து தாராளமா குறைச்சுக்கணும்.

எம்சிபி விஷயத்துல ஒண்ணை மனசுல நிறுத்திக்கோங்க. அது காப்பாத்துறது லைட்டை இல்ல, வயரை. 1 ஸ்கொயர் எங்கயாச்சும் இருந்தா 6 ஆம்ப். முழுசா 1.5-னா 10 ஆம்ப் வரைக்கும் போலாம். "6 ஆம்ப் அடிக்கடி விழுதுன்னு 16 போட்டுட்டேன், இப்ப விழுறதே இல்ல"ன்னு சந்தோஷமா சொல்றவங்க இருக்காங்க. விழாதுங்க, வயர் எரியுற வரைக்கும் விழாது.

இன்னொரு சங்கதி, 6 ஆம்ப் எம்சிபி 6.1 ஆம்ப்ல டக்குன்னு விழாது. 6.8 ஆம்ப் கிட்ட ஒரு மணி நேரம் ஓடினாலும் விழக்கூடாது, 8.7 ஆம்ப்னா ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தாகணும், அதான் அதோட தர விதி. அதனால "எம்சிபி விழல, அப்ப லோடு சரியாத்தான் இருக்கு"ன்னு நினைக்காதீங்க.

லோடு கம்மிதான், ஆனா கரண்ட் போயிட்டு வரும்போது மட்டும் லைட் எம்சிபி விழுது. ஏன்?

எல்இடி டிரைவருக்குள்ள (லைட்டுக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் குடுக்கிற பெட்டி) ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். சுவிட்ச் போட்ட அந்த நொடியில காலியா இருக்கிற கெப்பாசிட்டர் ஒரே மூச்சுல கரண்டை இழுக்கும், ஒரு பெரிய டிரைவர் மட்டுமே பல பத்து ஆம்ப் இழுக்கலாம், ஆனா ஒரு மில்லி செகண்டு கூட நீடிக்காது. நீங்க ஒவ்வொரு சுவிட்ச்சா போடும்போது இது தெரியாது. கரண்ட் கட்டாகி திரும்ப வரும்போது ஆன்ல இருக்கிற அத்தனை லைட்டும் ஒரே நேரத்துல இழுக்குதா, எம்சிபி அதை ஷார்ட்டுன்னு நினைச்சு விழுந்துருது.

எம்சிபி மேல பாருங்க, பி6, சி6, சி10 இப்படி ஒரு எழுத்து இருக்கும். பி ரகம்னா 3-லருந்து 5 மடங்கு கரண்ட்ல உடனே விழும், சி ரகம்னா 5-லருந்து 10 மடங்கு. பி6-னா 18-லருந்து 30 ஆம்ப்ல விழுந்துரும், சி6 30 வரைக்கும் தாக்குப்பிடிக்கும், 30-லருந்து 60-க்குள்ளதான் விழும். அதனால டவுன்லைட், பேனல் லைட் நிறைய இருக்கிற லைனுக்கு சி ரகம் மாத்திப் பாக்கலாம், எர்த்திங்கும் வயரிங்கும் சரியா இருக்குன்னு வயர்மேன் செக் பண்ணினதுக்கப்புறம். இல்லாட்டி லைட்டை ரெண்டு எம்சிபியா பிரிச்சுடுங்க, அதான் உருப்படியான வழி. நல்ல கம்பெனி டிரைவரா இருந்தா அதோட தகவல் தாள்லயே ஒரு எம்சிபிக்கு எத்தனை டிரைவர்னு அட்டவணை குடுத்திருப்பான், பெரும்பாலும் 16 ஆம்புக்கு குடுத்திருப்பான், 6 ஆம்புக்கு அதைவிட நல்லா குறைச்சுக்கணும்.

ஸ்ட்ரிப் லைட் எத்தனை மீட்டர் ஓட்டலாம்? கடைசி பக்கம் மங்கலா எரியுதே?

இங்கதான் லைட் கணக்கு தலைகீழா மாறும். 230 வோல்ட் பக்கம் பாத்தா ஸ்ட்ரிப் ஒண்ணுமே இல்ல. மீட்டருக்கு 12 வாட் ஸ்ட்ரிப், 5 மீட்டர், 60 வாட், கால் ஆம்புக்கு கொஞ்சம் மேல. ஆனா டிரைவருக்கு அந்தாண்ட 12 வோல்ட். அதே 60 வாட்டுக்கு அங்க 5 ஆம்ப் ஓடணும்.

டிரைவரை சுவிட்ச் போர்டு கிட்ட வச்சுட்டு 10 மீட்டர் தள்ளி ஸ்ட்ரிப்புக்கு 1 ஸ்கொயர் வயர் இழுத்தீங்கன்னு வைங்க. போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். 1 ஸ்கொயர் காப்பர் 1000 மீட்டருக்கு 19, 20 ஓம் கிட்ட. அப்ப 20 மீட்டருக்கு 0.4 ஓம், 5 ஆம்ப் ஓடினா 2 வோல்ட் வயர்லயே போயிரும். 12-ல 2 போச்சுன்னா மிச்சம் 10 வோல்ட்தான் ஸ்ட்ரிப்புக்கு போய்ச் சேருது, அப்புறம் ஸ்ட்ரிப்போட சொந்த செம்புப் பட்டையில இன்னும் கொஞ்சம் விழும், கடைசி மீட்டர் மஞ்சள் காமாலை வந்த மாதிரி எரியும். இதே 2 வோல்ட் 230-ல விழுந்தா யாருக்கும் தெரியாது.

டிரைவரை ஸ்ட்ரிப் கிட்டயே வைங்க. 5 மீட்டருக்கு மேல ஒரே ஓட்டமா இணைக்காதீங்க, ரெண்டு பக்கமும் சப்ளை குடுங்க, இல்ல நடுவுல இருந்து குடுங்க. முடிஞ்சா 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்குங்க, கரண்ட் பாதியாகும், வோல்ட் இழப்பும் பாதியாகும். டிரைவர் வாட்டும் 60-க்கு 60-ன்னு வாங்காம 80, 100-ன்னு வாங்கினா சூடாகாம ஓடும்.

லைட் லைன்ல இருக்கிற 5 ஆம்ப் பிளக்ல என்னெல்லாம் போடலாம்?

போன் சார்ஜர், டிவி, வைஃபை பெட்டி, டேபிள் ஃபேன், லேப்டாப். அவ்வளவுதான்.

ஒரு லைன்ல எத்தனை லைட் தாங்கும்ங்கிற கேள்விக்கு உண்மையான பதில் இந்த பிளக்லதான் இருக்கு. இஸ்திரி பெட்டி 1000 வாட், 4.3 ஆம்ப். மிக்ஸி 750 வாட், 3.3 ஆம்ப். கெட்டில் 1500 வாட், 6.5 ஆம்ப். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், 8.7 ஆம்ப். ஒரு இஸ்திரி பெட்டி 9 வாட் பல்பு 111-க்கு சமம். நீங்க லைட்டை ஒண்ணு ஒண்ணா எண்ணி கணக்கு போட்டுட்டு, பெட்ரூம் சுவிட்ச் போர்டுல மல்டி பிளக் சொருகி அதுல இஸ்திரி பெட்டியை மாட்டினா எல்லா கணக்கும் அம்பேல்.

அதுலயும் 15 ஆம்ப் மூணு பின்னை 5 ஆம்ப்ல சொருக ஒரு கன்வெர்ட்டர் விக்கிறான் பாருங்க. அந்த சாக்கெட்டை ஒரு வருஷம் கழிச்சு கழட்டிப் பாத்தா பின் ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பு நிறமா மாறி, பின்னாடி ஸ்க்ரூ கிட்ட வயர் தோல் ஒரு விரல்கடை அளவு கருகி சுருண்டு கிடக்கும். லைட் நல்லாத்தான் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும், வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

புது வீடுன்னா சமையக்கட்டு பிளக் எதையும் லைட் லைன்ல சேக்காதீங்க. இஸ்திரி போடுற இடத்துக்கு ஒரு 15 ஆம்ப் தனியா இழுத்துடுங்க. ஒரு 15 ஆம்ப் லைன்ல ரெண்டு பிளக்குக்கு மேல வேண்டாம்.

எங்க வீடு ரொம்ப பழசு, ரீப்பர் வயரிங் (செவத்துல அடிச்ச மரச்சட்டம் மேல வயர் ஓடுறது), ஃபியூஸ் கட்டைதான் இருக்கு. லைட் கூட்டலாமா?

முதல்ல வயர் என்னன்னு பாருங்க. அந்தக் காலத்து ஆளுங்க 1/18, 3/20, 7/20-ன்னு சொல்லுவாங்க, முன்னாடி இருக்கிறது எத்தனை இழை, பின்னாடி இருக்கிறது இழையோட கேஜ் நம்பர், நம்பர் கூடினா இழை மெல்லிசு. 1/18-னா ஒத்தை இழை, 1.2 எம்எம் தடிமன், ஒரு ஸ்கொயருக்கு கொஞ்சம் மேல. அது அலுமினியமா இருந்தா, பழைய வீடுகள்ல அலுமினியமும் உண்டு, அதே சைஸ் காப்பரை விட கம்மியாத்தான் தாங்கும். அலுமினியம் ஜாயிண்ட்ல மேல ஒரு படலம் புடிச்சு லூசாகும், லூசான இடம் சூடாகும். அதுல புது காப்பர் வயரை நேரா முறுக்கி டேப் சுத்தினா இன்னும் மோசம்.

பழைய குண்டு பல்பை எடுத்துட்டு எல்இடி போடுறீங்கன்னா தாராளமா போடுங்க, லோடு குறையத்தான் செய்யும். புதுசா பாயிண்ட் இழுக்கிறதா இருந்தா அந்த பழைய லைன்ல தொங்கவிடாதீங்க, மெயின்ல இருந்து புது வயர், புது எம்சிபி.

ஃபியூஸ் கட்டையை மெயினை ஆஃப் பண்ணிட்டு உருவிப் பாருங்க. அதுல மெல்லிசா வெள்ளிக் கலர்ல ஃபியூஸ் வயர் இருக்கணும். அதுக்கு பதிலா ஏதோ வயர்ல இருந்து உரிச்ச செம்பு இழையை நாலஞ்சா முறுக்கிப் போட்டு வச்சிருந்தாங்கன்னா அந்த வீட்டுக்கு ஃபியூஸே இல்லன்னு அர்த்தம். அதை சரி பண்ணாம எத்தனை லைட்னு பேசுறதே வீண்.

ஃபால்ஸ் சீலிங்ல டவுன்லைட் போடுறப்ப என்ன பாக்கணும்?

ஜாயிண்ட். டவுன்லைட் கூட வர்ற டிரைவர்ல நூல் மாதிரி வயர் வரும். அதை 1.5 ஸ்கொயரோட முறுக்கி, கருப்பு டேப்பை ரெண்டு சுத்து சுத்தி, ஜிப்சம் போர்டு மேல தூக்கிப் போட்டுட்டு லைட்டை அமுக்கிட்டு போயிருவாங்க. மேல இருக்கிற சூட்டுல டேப்போட பசை ரெண்டு வருஷத்துல இளகி பிரிஞ்சு தொங்கும். எலி வேற அங்கதான் குடும்பம் நடத்தும். ஸ்க்ரூ கனெக்டரோ புஷ் கனெக்டரோ போடச் சொல்லுங்க, ஒரு லைட்டுக்கு சில ரூபாய்தான் கூட ஆகும். ஜாயிண்ட் எல்லாம் மூடி போட்ட பாக்ஸ்ல இருக்கணும். போர்டு மூடுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எந்த பைப் எங்க போகுதுன்னு பின்னாடி தேவைப்படும்.

கார்த்திகை, பொங்கல், கல்யாணத்துக்கு சீரியல் செட் எத்தனை மாட்டலாம்?

எல்இடி சீரியல் செட் ஒண்ணு 5, 10 வாட்தான். 20 செட் மாட்டினாலும் 200 வாட், ஒரு ஆம்ப் கூட வராது. லோடு பிரச்சனையே இல்ல. ஆனா ஒரே பிளக்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி பத்து செட் ஓட்டாதீங்க, முதல் செட்டோட வயர்தான் எல்லாத்தையும் சுமக்கும், அது நூல் கனம்தான் இருக்கும்.

உண்மையான பயம் ஷாக். சீரியல் வயரை இரும்பு கேட், ஜன்னல் கிரில்ல சுத்தி கட்டுறோம், கார்த்திகைன்னா மழை காலம், எங்கயாச்சும் ஒரு ஜாயிண்ட் டேப் இல்லாம கேட்டைத் தொட்டா கேட்டே லைன் ஆயிரும். மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத வீட்டுல சீரியல் போடாதீங்கன்னே சொல்லுவேன். எம்சிபி ஷாக்குக்கு விழாது, ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கு கரண்ட் போதும்.

கல்யாணத்துக்கு 500, 1000 வாட் ஃபோகஸ் லைட் கொண்டுவந்தா அது வீட்டு லைட் லைன்ல போற சரக்கே இல்ல. ஜெனரேட்டர்ல இருந்து எடுத்துக்கச் சொல்லுங்க.

இன்வெர்ட்டர் லைன்ல எல்லா லைட்டையும் போட்டா என்ன?

போடலாம், எத்தனை மணி நேரம் நிக்கும்ங்கிறதுதான் கேள்வி. எல்இடி 10, 90 வாட், சாதா ஃபேன் நாலு, 300 வாட், மொத்தம் 390. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி பேப்பர்ல 1800 வாட் அவர், நிஜத்துல இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரி வயசு எல்லாம் போக மூணு மணி நேரம் கிட்ட ஓடினா நல்ல பேட்டரின்னு சொல்லலாம். இதுல லைட்டை கழிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, தின்றது ஃபேன்தான். 30 வாட் கிட்ட ஓடுற பிஎல்டிசி ஃபேன் மாத்தினா அதே பேட்டரி கிட்டத்தட்ட டபுள் நேரம் ஓடுறதைப் பாக்கலாம்.

இங்க முக்கியமா நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர். இன்வெர்ட்டர் லைனுக்கு தனி நியூட்ரல் இழுக்கணும். நம்மாளுங்க லைனை மட்டும் தனியா இழுத்துட்டு நியூட்ரலை பக்கத்து லைனோட முடிச்சு போட்டுடுவாங்க. ஆர்சிசிபி காரணமே இல்லாம விழும். சாதா லைன்லயும் இதே கதைதான், ரெண்டு எம்சிபி லைன் ஒரே நியூட்ரல்ல திரும்பினா, ரெண்டும் ஒரே பேஸ்னா, 6-ம் 6-ம் 12 ஆம்ப் அந்த ஒத்தை வயர்ல ஓடும், அதைப் பாக்க எந்த எம்சிபியும் இல்ல. த்ரீ பேஸ் வீட்டுல மெயின் நியூட்ரல் லூசாச்சுன்னா இன்னும் மோசம், லோடு கம்மியா இருக்கிற பேஸ்ல வோல்ட் 300-ஐ தாண்டி ஏறும், பல்பு பட்டாசு மாதிரி வரிசையா போகும். "வாங்கின எல்இடி எல்லாம் ஒரே நாள்ல போச்சு, கம்பெனி மோசம்"னு திட்டுறவங்க முதல்ல நியூட்ரலைப் பாக்கணும்.

எல்லாமே எல்இடிதானே, மொத்த வீட்டுக்கும் ஒரே லைட் லைன் போதாதா?

வாட் கணக்குல போதும். ஆனா ராத்திரி பாத்ரூம் லைட் ஹோல்டருக்குள்ள ஒரு பல்லி விழுந்து ஷார்ட் ஆச்சுன்னா மொத்த வீடும் இருட்டு, டிபி பாக்ஸ் எங்கன்னு செவத்தைத் தடவிக்கிட்டு போகணும். ஒரு வீட்டுக்கு குறைஞ்சது ரெண்டு லைட் சர்க்யூட் வேணும்னு சொல்றது இதுக்குத்தான்.

ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு நான் பிரிக்கிறது இப்படி: ஹாலும் படிக்கட்டும் ஒண்ணு, ரெண்டு பெட்ரூம் ஒண்ணு, சமையக்கட்டு லைட், பாத்ரூம் லைட், எக்ஸாஸ்ட் ஒண்ணு, வெளி லைட், கேட், மொட்டை மாடி ஒண்ணு. நாலு 6 ஆம்ப் எம்சிபி. வெளி லைட்டை தனியா பிரிக்கிறதை யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, ஆனா முதல் மழைக்கு தண்ணி இறங்கி விழுறது அதுதான், அது மட்டும் விழுந்தா உள்ள நிம்மதியா இருக்கலாம். ரெண்டு எம்சிபி கூட வாங்குறது பெரிய செலவு இல்ல.

என் வீட்டுல எந்த லைட் எந்த லைன்ல இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பகல்ல எல்லா லைட்டையும் ஃபேனையும் போட்டு விடுங்க. ஒரு எம்சிபியை மட்டும் கீழ இறக்கி, எதெல்லாம் அணையுதுன்னு ஒரு ஆள் ரூம் ரூமா போய் எழுதணும், பிளக்ல ஒரு போன் சார்ஜரைச் சொருகிப் பாத்தா அதுவும் தெரிஞ்சுரும். ஒவ்வொரு எம்சிபிக்கும் அப்படியே. அப்புறம் வாட்டைக் கூட்டி 230-ஆல வகுங்க. 3.5 ஆம்புக்குள்ள இருந்தா 800 வாட் விதிக்குள்ள இருக்கீங்க. சுவிட்ச் பிளேட் தொட்டா சூடா இருக்கு, மீன் நாத்தம் மாதிரி பிளாஸ்டிக் வாடை வருது, மிக்ஸி போட்டா லைட் மங்குது, இதுல எது இருந்தாலும் கணக்கு சரியா வந்தாலும் வயர்மேனைக் கூப்பிடுங்க, லைசென்ஸ் இருக்கிற ஆளா பாத்து.

எழுதின பேப்பரை டிபி கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க. பென்சில்ல எழுதுங்க, அடுத்த வருஷம் மருமகன் வந்து ஒரு பாயிண்ட் கூட்டுவாரு.